‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்ற பதிலைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘ஆட்டோமேட்டிக் கார் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. கியர் ஆயில் மாற்ற வேண்டுமா?’ அதற்கு, ‘இந்த வகைக் கார்களில் கியர் ஆயில் ஆயுள் முழுக்க வரும், தொட வேண்டியதில்லை’ என்று மூன்று வரியில் பதில் போட்டிருந்தீர்கள். படித்ததும் கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். இதே வாக்கியத்தை நம்பித்தான் நான் ஒரு காரை இழக்கப் பார்த்தேன். அந்த வாசகருக்கு யாராவது சரியானதைச் சொல்லியாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இரண்டு வயதில் வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்க அந்தக் காலில் வலு கிடையாது. பதினெட்டு வருடம் பக்கச் சக்கரம் பொருத்திய கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில்தான் பள்ளிக்குப் போய் வந்தேன். ஐப்பசி மழையில் நனைந்த சேலையோடு முதல் பாடவேளை எடுத்த நாட்கள் எத்தனையோ. 2017-இல் கையிருப்பையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, 2011 மாடல் ஹோண்டா சிட்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பெட்ரோல் வண்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். வாங்கும்போது 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அன்றிலிருந்து பாளையங்கோட்டையில் கிளம்பி மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் வழியாகச் சேரன்மகாதேவிப் பக்கம் போய்த் திரும்புவது என் தினப்படி வேலை. மற்றவர்களுக்கு ஆட்டோமேட்டிக் ஒரு வசதி. எனக்கு அதுதான் இடது கால்.

2023 சித்திரையில் வண்டி மாறத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்து கியரை டி-க்கு, அதாவது முன்னால் ஓடும் நிலைக்கு, தள்ளினால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு தொம்மென்று ஒரு உதை. என்னோடு வரும் தமிழாசிரியை, ‘யாரோ பின்னால வந்து இடிச்ச மாதிரி இருக்கு டீச்சர்’ என்று திரும்பிப் பார்த்தார். இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும் இடத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், இழுவை ஏறாது. வழக்கமாக வண்டி விடும் பணிமனையில் காட்டினேன். கியர் ஆயிலைப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். ‘டீச்சர், இது லைஃப்டைம் ஆயில். வண்டி இருக்கிற வரைக்கும் அதுல கையே வைக்கப்படாது’ என்றார்கள். ஆறு வாரம் கழித்து உதை பலமாகி மறுபடி போனபோது, அதே பணிமனையில், அதே ஆள், ‘கியர்பாக்ஸ் போச்சு டீச்சர். மாத்தணும்னா தொண்ணூறாயிரம் ஆகும்’ என்றார். ஆயுள் முழுக்க வரும் என்று சொன்ன எண்ணெயின் அளவுக்கம்பியை இந்த இரண்டு தடவையில் ஒரு தடவையாவது உருவிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அன்று இரவு வண்டியோடு வந்த கையேட்டை எடுத்தேன். ஆறு வருடமாகக் கையுறைப் பெட்டிக்குள் காப்பீட்டுத் தாள்களுக்கு அடியில் கிடந்தது. பராமரிப்பு அட்டவணையில் கியர் எண்ணெய்க்கென்று தனி வரி இருக்கிறது. எப்போது மாற்ற வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. முந்தைய உரிமையாளரின் சர்வீஸ் ரசீதுகள் எல்லாவற்றையும் புரட்டினேன். ஒன்றில்கூட அது மாற்றப்பட்ட அடையாளம் இல்லை. வண்டி அப்போது 1,24,000 கிலோமீட்டரில் நின்றது. தயாரித்தவர்கள் எழுதிவைத்ததை நாங்கள் யாருமே படிக்கவில்லை. வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த எண்ணெய் என்ன செய்கிறது என்று தெரிந்தால் ‘ஆயுள் முழுக்க’ என்ற பேச்சு எவ்வளவு வெறும் பேச்சு என்பது புரியும். மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. ஒரு அண்டாத் தண்ணீரைக் கையால் வேகமாகச் சுழற்றுங்கள். அதில் மிதக்கும் சொம்பும் சேர்ந்து சுழலும். கை சொம்பைத் தொடவே இல்லை. தண்ணீர்தான் சுழற்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. என்னுடையது போல, டார்க் கன்வெர்ட்டர் என்ற எண்ணெய் நிரம்பிய கூடு உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இந்த வேலையைப் பார்ப்பது எண்ணெய். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடித்து ஒரு கியரிலிருந்து இன்னொரு கியருக்கு மாற்றுவதும் அதே எண்ணெயின் அழுத்தம். பற்சக்கரங்களுக்கு மசகும் அதுவே, சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவே. இதில் மிக நுட்பமான வேலை கிளட்ச் தட்டில். தட்டு சேரும் கணத்தில் கொஞ்சம் வழுக்க வேண்டும், சேர்ந்த பிறகு துளியும் வழுக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே திரவத்தில் கொண்டுவருவதற்கென்றே சில வேதிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்குத் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் என்று படித்தபோது எனக்கு மனம் என்னவோ செய்தது. அந்தத் திமிங்கிலங்களை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் மாற்று தேடினார்கள்.

சூட்டில் இந்தச் சேர்மானங்கள் தேய்ந்துபோகும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கும். தட்டிலிருந்து உதிரும் மாவு அதில் மிதக்கும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில், வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டிக்குள் அந்த எண்ணெய் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். விலையுயர்ந்த பல கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லாவிட்டால் அதிகபட்சம் எட்டு வருடத்துக்குள், எண்ணெயை மாற்றச் சொல்கிறது. அதே கியர்பாக்ஸைப் பொருத்தி விற்கும் கார் நிறுவனங்கள் சில ‘லைஃப்டைம்’ என்கின்றன. செய்தவர் பேச்சைக் கேட்பதா, பொருத்தி விற்பவர் பேச்சைக் கேட்பதா?

உங்கள் பதிலில் இன்னொரு குறையும் இருந்தது. எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று அந்த வாசகரைக் கேட்காமலே விட்டுவிட்டீர்கள். 2014-இல் மாருதி செலேரியோ வந்த பிறகு நம் தெருக்களில் கிளட்ச் மிதி இல்லாத வண்டிகள் பெருகிவிட்டன. ஆனால் எல்லாம் ஒன்றல்ல. செலேரியோ போன்ற ஏஎம்டி வண்டியின் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கும் காலுக்கும் கியர் போடும் கைக்கும் பதிலாக ஒரு கருவி வேலை செய்கிறது, அவ்வளவே. அதற்கு மேனுவல் கியர் எண்ணெய். சிவிடி என்பதில் படிப்படியான கியரே கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடுகிறது. அந்த பெல்ட் கப்பியைக் கவ்விப் பிடிக்க வேண்டுமானால் அதற்கென்று செய்த எண்ணெய்தான் வேண்டும். ஹோண்டாவே 2014 முதல் வந்த சிட்டி சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்று தனி எண்ணெய் சொல்கிறது. என் பழைய சிட்டிக்கோ ஏடிஎஃப் டிடபிள்யூ-1. பெயர் ஒன்று, நிறுவனம் ஒன்று, எண்ணெய் வேறு. எங்கள் பள்ளி எழுத்தரின் சிவிடி வண்டியில், ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே செவப்பு ஆயில்தான்’ என்று ஒரு மெக்கானிக் ஊற்றிவிட்டார். இரண்டு மாதத்தில் மேடு ஏறும்போது வண்டி அதிர ஆரம்பித்தது. ஆகவே ‘மாற்றுங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கையேட்டில் எந்தப் பெயர் அச்சிட்டிருக்கிறதோ அந்தப் பெயர் டப்பாவில் இருக்க வேண்டும். அதுதான் முதல் படி. அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பெரிய இயந்திர அறிவெல்லாம் எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டுக் குக்கர் கைப்பிடியும் குழாய் வாஷரும் நான் மாற்றியவை, அந்த அளவு பழக்கம்தான். என் தம்பி மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். ‘அத்தை, நீங்க அடியில போகாதீங்க, நான் போறேன். நீங்க புத்தகத்தப் பார்த்துச் சொல்லுங்க’ என்று வந்து நின்றான்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு முன்னால் வேப்பமர நிழலில் சிமெண்டுத் தளம். பார்க்க மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தபோது வாசல் பக்கம் சரிவு தெரிந்தது. வண்டியை ஓரமாகத் தள்ளி, மட்டமான இடம் கண்டு நிறுத்தினோம். எண்ணெய் அளவு பார்க்க இது முக்கியம், அப்புறம் சொல்கிறேன். டயர் கடையிலிருந்து, தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாடகைக்கு எடுத்திருந்தோம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரைப் பி-யில், அதாவது நிறுத்தும் நிலையில், வைத்து, ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு ஸ்டாண்டையும் உரிய இடத்தில் கொடுத்து இறக்கினோம். பிறகு நானும் அவனும் சேர்ந்து வண்டியை நன்றாக உலுக்கிப் பார்த்தோம். அசையவில்லை என்று தெரிந்த பிறகே அவனை உள்ளே போக விட்டேன். வாசகர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லும் விஷயம் இது ஒன்றுதான்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அண்டை கொடுக்க உதவாது. ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்ட் கிடைக்காவிட்டால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள்.

முன்னதாக வண்டியைப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடு செய்திருந்தோம். எண்ணெய் சூடாக இருந்தால் இளகி நன்றாக வடியும், அழுக்கும் கூடவே வரும். ஆனால் ஓட்டி நிறுத்திய கையோடு திறந்தால் கை வெந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டும், அவன் மணிக்கட்டில் வழிந்த எண்ணெய்க்கு ‘ஸ்ஸ்’ என்று கையை இழுத்துக்கொண்டான். கையுறை போடாதது எங்கள் தவறு.

அடியில் போனதும் முதல் குழப்பம், எந்தத் திருகைக் கழற்றுவது என்பது. இன்ஜின் எண்ணெய் வடிக்கும் போல்ட்டும் கியர் எண்ணெய் வடிக்கும் போல்ட்டும் அருகருகேதான் இருக்கின்றன. அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றைக் கழற்றிவிட்டு, காலியான கியர்பாக்ஸோடும் இரண்டு மடங்கு இன்ஜின் எண்ணெயோடும் வண்டியைக் கிளப்பியவர்கள் உண்டு. என் வண்டியில் அடையாளம் சுலபம். இன்ஜின் போல்ட்டுக்கு வெளியே ஆறு முகத் தலை, பதினேழாம் நம்பர் ஸ்பேனர். கியர்பாக்ஸ் போல்ட்டில் சதுரக் குழி. அதில் மூன்று நூல், அதாவது 3/8 அங்குல ராச்செட்டின் முனை நேராகப் போய்ப் பொருந்தும், சாக்கெட்டே தேவையில்லை. முன் இடது சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கியர்பாக்ஸ் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்னால் மேலே அளவுக்கம்பி சரியாக உருவ வருகிறதா என்று பார்த்துக்கொண்டோம். சில வண்டிகளில் ஊற்றும் வழிக்கும் திருகுதான். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், கீழே வடித்துவிட்டு மேலே ஊற்ற முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும். எந்த வண்டியானாலும் மேலே திறந்த பிறகே கீழே திறக்க வேண்டும்.

வடிந்தது கருப்பட்டிக் காப்பி. புதிய எண்ணெய் மாதுளம்பழச் சாறு மாதிரி சிவந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். இது கலங்கிக் கறுத்து, லேசாகத் தீய்ந்த வாடையோடு இறங்கியது. போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் இருக்கிறது. அதில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தது. அவன் கீழேயிருந்து அதை என்னிடம் நீட்டினான். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கண் மை போல வழவழவென்று போனது. நெருடவில்லை. அந்த நிமிடம் எனக்கு மூச்சு வந்தது. பன்னிரண்டு வருடத்துத் தேய்மானத் தூள் அது. ஊசி போலவோ செதில் போலவோ உலோகத் துண்டு இருந்திருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம், எண்ணெய் மாற்றி ஒரு பயனும் இல்லை. என் கியர்பாக்ஸ் போகவில்லை என்பதை அந்த மை சொன்னது.

காந்தத்தைத் துடைக்கப் பணிமனைகளில் கிடைக்கும் நூல் வேஸ்ட்டை எடுக்காதீர்கள். ஒரு இழை உள்ளே போனாலும் எண்ணெய் ஓடும் ஊசித் துளைகளில் போய் அடைக்கும். நூல் பிரியாத பழைய பாலியஸ்டர் சேலைத் துண்டால் துடைத்தேன். அலுமினிய வாஷர் நசுங்கி அடைப்பதற்கென்றே செய்தது, ஆகவே ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். போல்ட்டை இறுக்க 49 நியூட்டன் மீட்டர். என் மாணவர்களுக்குத் திருப்பு விசை பாடத்தில் இதைக் கணக்காகவே கொடுத்துவிட்டேன்: அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு விசையோ அவ்வளவு. நம் ஆட்கள் இறுக்குவது போல ஏறி மிதித்தால், அலுமினியக் கூட்டில் இருக்கும் மரை பிய்ந்துகொண்டு வந்துவிடும். அப்போது நிஜமாகவே கியர்பாக்ஸ் போய்விடும்.

வடிந்ததை லிட்டர் பாட்டில்களில் அளந்தோம். 2.4 லிட்டர். அதே அளவு புது எண்ணெயை, தண்டு நீண்ட புனல் வைத்து அளவுக்கம்பி இருந்த துளை வழியாக நிதானமாக ஊற்றினோம். வண்டியை இறக்கி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடியே ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை விட்டோம். பிறகு இன்ஜினை அணைத்து 60 நொடி காத்திருந்து, 90 நொடிக்குள் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். கையேட்டில் இப்படித்தான் போட்டிருக்கிறது. அண்டை வீட்டார் பேச்சுக் கொடுத்ததில் முதல் முறை ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது, அளவு தப்பாகக் காட்டியது. மறுபடி சூடு செய்து, செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தோம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அளவு கூடினால் சுழலும் பாகங்கள் எண்ணெயை மோர் கடைவது போலக் கடைந்து நுரைக்க வைக்கும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். இரண்டிலும் அழுத்தம் போய்விடும், தட்டு வழுக்கும்.

ஒரு முறை வடித்தால் எல்லாம் வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். என் கியர்பாக்ஸுக்குள் மொத்தம் ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேல். வடிவது இரண்டரை லிட்டர் அளவுதான். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஒரு முறை மாற்றினால் பழையது 55 சதவீதம் உள்ளே இருக்கும். இரண்டாம் முறைக்குப் பிறகு 30, மூன்றாம் முறைக்குப் பிறகு 17. அதனால் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை செய்தோம். இயந்திரம் வைத்து ஒரேயடியாக அழுத்தித் தள்ளி மாற்றும் முறையும் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் தொடாத கியர்பாக்ஸில் எங்கெங்கோ படிந்திருப்பதை ஒரே நாளில் கிளப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

மூன்று முறைக்கும் எண்ணெய், வாஷர், புனல், ஸ்டாண்ட் வாடகை எல்லாம் சேர்த்து எனக்கு ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. முதல் முறை முடிந்த மறுநாளே டி-யில் விழும் உதை பாதியானது. மூன்றாவது முடிந்தபோது தமிழாசிரியை, ‘வண்டி மாத்திட்டீங்களா?’ என்று கேட்டார். குளிர்ந்த இன்ஜினில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு சின்ன நடுக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தட்டு கொஞ்சம் தேய்ந்துதான் போயிருக்கிறது, அதைப் புது எண்ணெய் திருப்பித் தராது. ஒரு வருடம் முந்திச் செய்திருந்தால் அதுவும் தேய்ந்திருக்காது. இன்றைக்கு வண்டி 1,48,000-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் இன்னொரு முறையும் மாற்றிவிட்டேன்.

எல்லாரும் எல்லா வண்டிக்கும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. புதிய கார்கள் பலவற்றில் அளவுக்கம்பியே கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஒரு திருகைத் திறந்து, வழிவது நிற்கும் கணத்தில் மூட வேண்டும். சூட்டைப் படிக்கக் கருவி வேண்டும், வண்டியை நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் தூக்க வேண்டும். அது வீட்டு வாசல் வேலை இல்லை. அவர்கள் பணிமனைக்கே போகட்டும். ஆனால் எண்ணெய் டப்பாவின் பெயரைக் கண்ணால் பார்த்து, எவ்வளவு வடிந்தது எவ்வளவு ஊற்றினார்கள் என்று பக்கத்தில் நின்று கேட்கட்டும். காந்தத்தைக் காட்டச் சொல்லட்டும். அதை யாரும் மறுக்க முடியாது.

இப்போது எனக்கு மிச்சமிருக்கும் சிக்கல் ஒன்று. நான்கு முறை வடித்ததில் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான பழைய எண்ணெய் மாடிப்படிக்குக் கீழே கேன்களில் இருக்கிறது. தெருமுனைப் பணிமனையில் கேட்டபோது சந்தோஷமாக வாங்கிக்கொள்ள வந்தார்கள். என்ன செய்வீர்கள் என்றேன். ‘சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிட்டுப் போவாங்க, மிச்சத்த ஊத்திருவோம்’ என்றார்கள். எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணித் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களிடம்தான் போக வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. 2024 ஏப்ரலிலிருந்து எண்ணெய் தயாரிப்பவர்களுக்கே அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பும் வந்திருக்கிறது. ஆனால் பத்து லிட்டர் கேனோடு நிற்கும் ஒரு ஆசிரியை எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? மாநகராட்சி அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டேன். குப்பை வண்டியில் போடக் கூடாது என்று சரியாகச் சொன்னார்கள். எங்கே கொடுப்பது என்று சொல்ல ஆள் இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்த மூன்று வரிப் பதிலுக்கு, அதே ஞாயிறு பக்கத்தில், அதே இடத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கேள்வி கேட்டவர் ஏழு வருடம் ஓட்டியிருக்கிறார், அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டாவது, உங்கள் மாவட்டச் செய்தியாளர்கள் மூலம், பழைய வாகன எண்ணெயை வீட்டுக்காரர்கள் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று விசாரித்து ஊர் ஊராக முகவரி போடுங்கள். திருநெல்வேலிக்கு ஒன்று கிடைத்தால் முதலில் என் கேன்களைத்தான் கொண்டுபோவேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.